ஜிபிஏ 2.69, ஆனாலும் உதவித்தொகை நின்றது: அமெரிக்கக் கல்லூரி மாணவி ஒருவரின் மூன்று செமஸ்டர் கணக்கு

உயிரியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டின் பாதியில் இருக்கும் மாணவி. குடும்பத்துக்கு கிரீன் கார்டு வந்துவிட்டதால் ஃபாஃப்ஸா என்ற மத்திய உதவி விண்ணப்பத்தைப் போட்டு அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவி பெறுகிறார். (எஃப்-1, எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு இந்த உதவி கிடையாது. கீழே வரும் எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது.) மூன்று செமஸ்டர் முடிந்தபோது அவருடைய ஜிபிஏ (4.0ஐ உச்சமாகக் கொண்ட மதிப்பெண் சராசரி) 2.69. கல்லூரி கேட்பது 2.0. ஆனாலும் டிசம்பர் கடைசி வாரத்தில், அடுத்த செமஸ்டருக்கு பெல் கிராண்டும் (திருப்பிக் கட்ட வேண்டாத மத்திய உதவித்தொகை) மத்திய அரசின் கல்விக் கடனும் கிடையாது என்று நிதி உதவி அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது.

இந்த மாணவி உண்மையில் இருக்கும் ஒருவர் அல்லர். அடிக்கடி வரும் ஒரு வகைச் சிக்கலை எண்ணோடு காட்டுவதற்காக அமைத்த எடுத்துக்காட்டு. விதிகளும் தொகைகளும் வரம்புகளும் நடைமுறையில் உள்ளவை.

விதி எதைக் கேட்கிறது

1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தின் கீழ் உதவி பெறும் ஒவ்வொரு மாணவரும் 'திருப்திகரமான கல்வி முன்னேற்றம்' காட்ட வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் இதைச் சுருக்கமாக 'சாப்' என்பார்கள். இப்போதுள்ள விதி 2011 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது மூன்று தனித்தனி அளவுகோல்களை வைக்கிறது. மூன்றிலும் தேற வேண்டும். ஒன்றில் நிறைய எடுத்து இன்னொன்றில் உள்ள குறையை ஈடுகட்ட முடியாது.

முதலாவது மதிப்பெண். பெரும்பாலான கல்லூரிகள் இளங்கலைக்கு 2.0 ஜிபிஏ கேட்கின்றன. இரண்டு கல்வியாண்டுக்கு மேற்பட்ட படிப்பு என்றால் இரண்டாம் ஆண்டு முடிவில் சி சராசரியோ (அதாவது 2.0), கல்லூரியின் பட்டத் தகுதிக்கு ஒத்த நிலையோ இருந்தே ஆக வேண்டும் என்று விதியே சொல்கிறது.

இரண்டாவது வேகம். ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் அளவைப் பொறுத்து இத்தனை கிரெடிட் என்று ஓர் எண் உண்டு. இதுவரை முடித்த கிரெடிட்டை இதுவரை எடுத்த கிரெடிட்டால் வகுக்க வேண்டும். பெரும்பாலும் 67 சதவீதம் கேட்பார்கள்.

மூன்றாவது உச்ச வரம்பு. 120 கிரெடிட் பட்டத்துக்கு அதன் ஒன்றரை மடங்கான 180 கிரெடிட்டுக்குள் முடிக்க வேண்டும். 67 என்ற எண் இங்கிருந்துதான் வருகிறது. நூற்றைம்பது எடுத்து நூறு முடித்தால் மூன்றில் இரண்டு பங்கு. அதற்குக் கீழே போகிறவர் அதே வேகத்தில் போனால் 180க்குள் பட்டம் வாங்க மாட்டார்.

நம் மாணவி சறுக்கியது இரண்டாவதில். தமிழ்நாட்டில் படித்த பெற்றோர் அதிகம் தவறவிடுவதும் இதைத்தான். அதற்குக் காரணம் உண்டு. ஒரு தாளில் தோற்றால் அங்கே அது அரியர். தேர்வுக் கட்டணம் கட்டி மறுபடி எழுதித் தேறினால் விஷயம் முடிந்தது, வகுப்பில் மறுபடி உட்கார வேண்டியதில்லை. அமெரிக்கக் கல்லூரியில் தேர்வை மட்டும் மறுபடி எழுதும் வழி பொதுவாக இல்லை. முழுப் பாடத்துக்கும் மறுபடி பதிவு செய்து, மறுபடி கட்டணம் கட்டி, செமஸ்டர் முழுக்க உட்கார வேண்டும். அப்படி ஒவ்வொரு முறை உட்காரும்போதும் 'எடுத்த கிரெடிட்' கணக்கு ஏறுகிறது. தேறிய பிறகும் அது இறங்காது.

முதல் இரண்டு செமஸ்டர்

முதல் செமஸ்டரில் 16 கிரெடிட். உயிரியல் 4, வேதியியல் 4, கால்குலஸ் 4, எழுத்துப் பயிற்சி 3, அறிமுக வகுப்பு 1. ஒன்பதாவது வாரத்தில் கால்குலஸ் கையை மீறிப் போனது. 'டபிள்யூ போட்டுக்கொள் (பாடத்தைப் பாதியில் விட்டதற்கான குறி), ஜிபிஏ பாதிக்காது' என்று நண்பர்கள் சொன்னார்கள். அது உண்மைதான், ஜிபிஏ பாதிக்கவில்லை. உயிரியலில் பி, வேதியியலில் சி, மற்ற இரண்டில் ஏ. ஜிபிஏ சரியாக 3.00. ஆனால் முடித்தது 12, எடுத்தது 16. வேகம் 75 சதவீதம்.

டிராப், வித்டிரா என்ற இரண்டு சொல்லையும் ஒன்றாக நினைப்பது இங்கே வினையாகிறது. செமஸ்டர் தொடங்கிய முதல் ஓரிரு வாரங்களில், கல்லூரி குறித்த கடைசித் தேதிக்குள் பாடத்தை விட்டால் அது டிராப். பாடமே பதிவில் இருக்காது, எடுத்த கணக்கிலும் சேராது. அந்தத் தேதிக்குப் பிறகு விட்டால் வித்டிரா. மதிப்பெண் பட்டியலில் டபிள்யூ விழும்; எடுத்த கணக்கில் முழுதாக நிற்கும், முடித்த கணக்கில் பூஜ்யம். இரண்டாம் வாரம் விட்ட பாடத்துக்கும் ஒன்பதாம் வாரம் விட்ட பாடத்துக்கும் உள்ள வேறுபாடு இந்த மாணவிக்கு 4 கிரெடிட்.

இரண்டாம் செமஸ்டரில் 15 எடுத்தார். இரண்டாம் உயிரியலில் சி, வரலாற்றில் பி. மறுபடி எடுத்த கால்குலஸில் எஃப், அதாவது தோல்வி. இரண்டாம் வேதியியலில் டபிள்யூ. முடித்தது 7 மட்டுமே.

ஆண்டு முடிவில் மொத்தம் எடுத்தது 31, முடித்தது 19. வேகம் 61.3 சதவீதம். ஜிபிஏ 2.30. வீட்டில் ஜிபிஏவைப் பார்த்து, குறைந்திருக்கிறது, ஆனால் 2.0க்கு மேல்தான் இருக்கிறது என்று ஆறுதல் அடைந்தார்கள். சாப் கணக்கில் அவர் அப்போதே விழுந்துவிட்டிருந்தார்.

இந்தக் கல்லூரி ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் சாப் பார்க்கிறது. அப்படிப் பார்க்கும் கல்லூரிகள் மட்டுமே 'எச்சரிக்கை' நிலை தரலாம். அதற்கு மேல்முறையீடு தேவையில்லை. அடுத்த ஒரு செமஸ்டருக்கு உதவி வழக்கம்போல வரும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பார்க்கும் கல்லூரியாக இருந்தால் எச்சரிக்கையே கிடையாது, மே மாதத்திலேயே உதவி நின்றிருக்கும். சேரும் முன்பே கல்லூரியின் சாப் கொள்கையில் தேட வேண்டிய முதல் வரி இதுதான்.

எச்சரிக்கை மின்னஞ்சல் ஜூனில் வந்தது. பணம் நிற்காததால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்த நேரத்தில் போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அடுத்த செமஸ்டரில் 12 கிரெடிட் எடுத்தால் மொத்தம் 43. அதில் 67 சதவீதம் வர 29 முடித்திருக்க வேண்டும். 19 கையில் இருக்கிறது, எனவே 12இல் 10 தேவை. ஒரு 3 கிரெடிட் பாடத்தைக்கூட விட முடியாது. 15 எடுத்தால் மொத்தம் 46, தேவை 31, அதாவது 15இல் 12. ஒரு 3 கிரெடிட் பாடம் போனாலும் தாங்கும். 4 கிரெடிட் அறிவியல் பாடம் போனால் தாங்காது. இந்தக் கணக்கை ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டுப் பதிவு செய்திருந்தால் பாடங்களின் தேர்வே மாறியிருக்கும்.

மூன்றாம் செமஸ்டர்

அவர் 15 எடுத்தார். கால்குலஸ் 4, இரண்டாம் வேதியியல் 4, புள்ளியியல் 4, உளவியல் 3. அக்டோபர் நடுவில் குடல்வால் வெடித்து அவசர அறுவை சிகிச்சை. மூன்று வாரம் வகுப்புக்குப் போக முடியவில்லை.

எல்லாப் பாடங்களையும் விட்டுவிடலாம் என்ற யோசனை வீட்டில் எழுந்தது. பிள்ளை உடம்பு தேறட்டும் என்பது இயல்பான எண்ணம். ஆனால் செமஸ்டரின் 60 சதவீத நாட்கள் கடக்கும் முன் எல்லாவற்றையும் விட்டால் வேறொரு விதி பாய்கிறது. எத்தனை சதவீத நாட்கள் படித்தாரோ அத்தனை சதவீத உதவிதான் அவருக்குச் சேரும்; மீதி அரசுக்குத் திரும்பிப் போகும். 40 சதவீதத்தில் விட்டால் 60 சதவீத உதவி போய்விடும், கல்லூரிக் கட்டணத்தில் அந்தத் தொகை அவர் பெயரில் பாக்கியாக நிற்கக்கூடும். சாப் கணக்கும் 46க்கு 19, அதாவது 41.3 சதவீதம் என்று பாதாளத்துக்குப் போயிருக்கும். மருத்துவக் காரணத்துக்கான விலகல் என்று கல்லூரி பெயர் வைத்தாலும் எடுத்த கணக்கிலிருந்து அந்தக் கிரெடிட் நீங்காது.

அவர் இரண்டு பாடங்களைக் காப்பாற்றினார்: கால்குலஸில் சி, உளவியலில் பி. புள்ளியியலில் டபிள்யூ. வேதியியலில் பேராசிரியர் ஐ கொடுத்தார், அதாவது பாடம் முடிவடையவில்லை. மீதமுள்ள இரண்டு லேப் அறிக்கையும் இறுதித் தேர்வும் பிறகு முடிக்கலாம். நல்ல முடிவுகள்தான். ஆனால் ஐ என்பதும் முடிக்கும் வரை எடுத்த கணக்கில் இருக்கும், முடித்த கணக்கில் இருக்காது.

மொத்தம் எடுத்தது 46, முடித்தது 26. வேகம் 56.5 சதவீதம்.

அதே நேரத்தில் கல்லூரியின் மறுபதிவுக் கொள்கைப்படி கால்குலஸின் பழைய எஃப் ஜிபிஏவிலிருந்து நீங்கியது. அதனால்தான் 2.69. மறுபதிவில் பழைய மதிப்பெண்ணை ஜிபிஏவிலிருந்து நீக்கலாம். கால்குலஸுக்காக மூன்று முறை செலவிட்ட 12 கிரெடிட்டும் வேகக் கணக்கில் அப்படியே நிற்கும். சில கல்லூரிகள் மோசமான பழைய செமஸ்டர் முழுவதையும் 'கல்வி மன்னிப்பு' என்று ஜிபிஏவிலிருந்து நீக்குகின்றன. மத்திய உதவிக் கணக்கில் அந்த மன்னிப்பு செல்லாது. உதவி வாங்காமல் சொந்தப் பணத்தில் படித்த செமஸ்டரும் கணக்கில் வரும்.

நின்றுபோன தொகை எவ்வளவு? முழு பெல் கிராண்ட் கிடைக்கும் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். 2024–25இல் அதன் உச்சம் ஆண்டுக்கு 7,395 டாலர். ஒரு செமஸ்டருக்குச் சுமார் 3,700. கடனிலும் ஓர் இழப்பு முன்பே நடந்திருந்தது. பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு முதலாண்டு வரம்பு 5,500, இரண்டாம் ஆண்டு 6,500. பல கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டு மாணவர் என்றால் 30 கிரெடிட் முடித்தவர். 26 மட்டும் முடித்த இவர் காலத்தால் இரண்டாம் ஆண்டு, கடன் வரம்பில் இன்னும் முதலாண்டு. எனவே செமஸ்டருக்கு 2,750. இரண்டும் சேர்த்து ஜனவரியில் குடும்பம் தேட வேண்டியது சுமார் 6,450 டாலர்.

மேல்முறையீடு: முதல் கடிதம் ஏன் திரும்பியது

மேல்முறையீடு அனுமதிக்க வேண்டும் என்று கல்லூரியை எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. பெரும்பாலான கல்லூரிகள் அனுமதிக்கின்றன. கல்லூரியின் முடிவே இறுதி; மத்திய அரசின் கல்வித் துறைக்கு எழுதி மாற்ற முடியாது. உடல்நலக் கேடு, உறவினர் மரணம், அல்லது வேறு தனிச் சூழ்நிலை காரணமாக இருக்கலாம். மாணவர் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: ஏன் தவறினீர்கள்? அடுத்த மதிப்பீட்டில் தேறும்படி இப்போது என்ன மாறியிருக்கிறது?

அப்பா முதலில் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தார். மாணவர் பதிவுகளின் தனியுரிமைச் சட்டப்படி, மகள் எழுத்தில் ஒப்புதல் தராத வரை அலுவலகம் பொதுவாக அவரிடம் எதையும் பேசாது. இதில் மனம் நோக வேண்டியதில்லை. கடிதத்தை மாணவியே எழுத வேண்டும். அவர் பெயரில், அவர் குரலில்.

அவர் எழுதிய முதல் கடிதம் ஒரு பக்கம். அறுவை சிகிச்சை, வலி, மூன்று வாரம், இனிக் கடுமையாக உழைப்பேன் என்ற உறுதி. மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கம் இணைப்பில் இருந்தது. மேல்முறையீட்டைப் பார்க்கும் கல்லூரிக் குழு கூடுதல் விவரம் கேட்டுத் திருப்பி அனுப்பியது, அதில் நியாயம் இருக்கிறது. அறுவை சிகிச்சை நடந்தது மூன்றாம் செமஸ்டரில். வேகம் 67க்குக் கீழே போனது இரண்டாம் செமஸ்டரில். முதல் ஆண்டின் இரண்டு டபிள்யூவுக்கும் ஒரு எஃபுக்கும் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. குழுவில் இருப்பவர்கள் மதிப்பெண் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கடிதத்தைப் படிக்கிறார்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஓட்டைக்கும் கடிதத்தில் பதில் தேடுகிறார்கள்.

முதலாண்டின் உண்மைக் காரணம் அவர் எழுதக் கூச்சப்பட்டது: வாரத்துக்கு 25 மணி நேரம் கடை வேலை, கூடவே ஒரே செமஸ்டரில் மூன்று 4 கிரெடிட் அறிவியல், கணிதப் பாடங்கள். இதை எழுதினால் பொறுப்பில்லாதவள் என்று நினைப்பார்களோ என்ற பயம். ஆனால் குழுவுக்கு இது பயனுள்ள தகவல், ஏனென்றால் இது மாற்றக்கூடிய காரணம்.

இரண்டாவது கடிதம் செமஸ்டர் வாரியாக நடந்தது. முதலாண்டுக்கு வேலை நேரமும் பாடச் சுமையும். மூன்றாம் செமஸ்டருக்கு அறுவை சிகிச்சை, சேர்ந்த தேதி, வீடு திரும்பிய தேதி, மருத்துவர் வகுப்புக்கு அனுமதித்த தேதி. நோயின் முழு விவரம் தேவையில்லை. தேதிகளும், அந்த நாட்களில் படிக்க இயலவில்லை என்பதும் தெரிந்தால் போதும். அடுத்து மாற்றங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். வேலை வாரத்துக்கு 10 மணி நேரமாகக் குறைந்ததற்குக் கடை மேலாளரின் கடிதம். கணிதத்துக்கு இலவசப் பயிற்சி மையத்தில் போன நாட்களின் பதிவு, அதன் பலனாகக் கால்குலஸில் வந்த சி. இனி ஒரு செமஸ்டரில் இரண்டுக்கு மேல் அறிவியல், கணிதப் பாடம் கிடையாது என்று ஆலோசகர் கையெழுத்திட்ட பாடத் திட்டம். பேராசிரியரைக் குறை சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. ஒருவேளை பேராசிரியர் மீது தவறு இருந்தாலும், மாணவரிடம் என்ன மாறியது என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

ஐ முதலில், கடிதம் பிறகு

இந்த வழக்கில் மிகவும் பயன்பட்டது ஒரு வரிசை மாற்றம். கடிதம் அனுப்பும் முன் வேதியியலை முடித்தார். ஜனவரி முதல் வாரத்தில் லேப் அறிக்கைகளும் தேர்வும், சி வந்தது, மதிப்பெண் மாற்றம் பதிவான பிறகே இரண்டாவது கடிதம் போனது.

முடித்தது 30, எடுத்தது 46. வேகம் 65.2. இன்னும் 67 இல்லை, எனவே மேல்முறையீடு தேவைதான். ஆனால் குழு எடுக்கக்கூடிய முடிவின் வகையே மாறிவிட்டது. ஒரு செமஸ்டரில் தேறிவிட முடியும் என்றால் சாதாரண 'சோதனைக் காலம்' தரலாம், அதாவது அந்த ஒரு செமஸ்டருக்கு உதவி வரும். ஒரு செமஸ்டர் போதாது என்றால், பல செமஸ்டருக்கு விரியும் கல்வித் திட்டம் போட்டு அதற்குக் கட்டுப்பட வைத்தாக வேண்டும்.

ஐ அப்படியே கிடந்திருந்தால்: 26 உடன் 12 சேர்த்தால் 38, எடுத்தது 58, வேகம் 65.5. பன்னிரண்டும் தேறினாலும் போதாது. 15 எடுத்துப் பதினைந்திலும் தேறினால்தான் 67.2, அறுவை சிகிச்சை முடிந்து வந்த பெண்ணுக்கு அது நல்ல யோசனை இல்லை. ஐ முடிந்த பிறகு: 30 உடன் 12 சேர்த்தால் 42, வேகம் 72.4. பன்னிரண்டில் ஒரு 3 கிரெடிட் பாடம் தவறினாலும் 58க்கு 39, அதாவது 67.2. நூலிழையில் நிற்கும்.

9 கிரெடிட் மட்டும் எடுத்தால் சுமை குறையுமே என்று தோன்றும். 9இல் ஒரு பாடம் போனால் 55க்கு 36, அதாவது 65.5, தவறிவிடும். தவிர 2024–25 முதல் பெல் கிராண்ட் 12 கிரெடிட்டை முழுமையாக வைத்து விகிதப்படி கணக்கிடப்படுகிறது, 9 எடுத்தால் 75 சதவீதம்தான். அதனால் 12 என்று முடிவானது. புள்ளியியல் 4, இரண்டாம் எழுத்துப் பயிற்சி 3, சமூகவியல் 3, ஒரு 2 கிரெடிட் லேப்.

மேல்முறையீடு தோற்றிருந்தால் என்ன வழி? ஒரு செமஸ்டர் சும்மா இருந்துவிட்டு வந்தால் தகுதி திரும்பாது, 65.2 என்பது வீட்டில் இருந்தாலும் 65.2தான். சொந்தப் பணத்தில் படித்து எண்ணை உயர்த்த வேண்டும். இவருக்கு ஒரே ஒரு 3 கிரெடிட் பாடம் போதும்: 49க்கு 33, அதாவது 67.3. வீட்டுக்கு அருகில் உள்ள கம்யூனிட்டி காலேஜில் குறைந்த செலவில் எடுத்து மாற்றினாலும், தாய்க் கல்லூரி தன் பட்டத்துக்கு ஏற்கும் கிரெடிட் எடுத்தது, முடித்தது என்ற இரண்டு கணக்கிலும் சேரும். ஏற்குமா என்று பதிவு செய்யும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கவனிக்க இன்னொன்றும் உண்டு: பாதி நேரப் படிப்பான 6 கிரெடிட்டுக்குக் கீழே போனால் பழைய கடனுக்கான ஆறு மாத அவகாசம் ஓடத் தொடங்கும்.

பக்கவாட்டில் இருக்கும் பள்ளங்கள்

டி வாங்கித் தேறிய பாடத்தை, துறை சி கேட்கிறது என்பதற்காக மறுபடி எடுத்தால் உதவி ஒருமுறைதான் வரும். இரண்டாவது மறுபதிவில் அந்தக் கிரெடிட் உதவிக்கான கணக்கில் சேராது. 12 எடுத்ததாக நினைத்தவர் 8 ஆகிவிடலாம்.

துறை மாற்றம் பெரிய பள்ளம். 110 எடுத்து 95 முடித்த ஒருவர் வேறு துறைக்குப் போகிறார், பழையதில் 45 மட்டுமே அங்கே செல்லும் என்று வைப்போம். இன்னும் 75 வேண்டும். 110உம் 75உம் சேர்ந்தால் 185. வரம்பு 180. அவர் 180ஐத் தொடும் வரை கல்லூரி காத்திருக்காது. 180க்குள் முடிக்க முடியாது என்று கணக்கில் தெரிந்த நாளிலேயே தகுதி போகும். சில கல்லூரிகள் துறை மாறினால் புதிய துறைக்குப் பொருந்தும் கிரெடிட்டை மட்டும் எண்ணுகின்றன, எல்லாக் கல்லூரியும் இல்லை.

மாநில உதவிக்கு அளவுகோல் வேறு. ஜார்ஜியாவின் ஹோப் ஸ்காலர்ஷிப் 30, 60, 90 கிரெடிட் எடுத்த கட்டங்களில் 3.0 பார்க்கிறது, நம் மாணவி அங்கே படித்திருந்தால் முதல் ஆண்டு முடிவிலேயே 2.30உடன் அதை இழந்திருப்பார். நியூயார்க்கின் டாப் உதவிக்கும் மத்திய விதியிலிருந்து வேறான, தனக்கென ஒரு முன்னேற்றக் கணக்கு உண்டு.

வசந்தகால செமஸ்டரின் முடிவு

மேல்முறையீடு ஏற்கப்பட்டது, ஒரு செமஸ்டர் சோதனைக் காலம். பன்னிரண்டிலும் தேறினார். மே மாதக் கணக்கு: எடுத்தது 58, முடித்தது 42, வேகம் 72.4. எச்சரிக்கையும் சோதனையும் நீங்கி வழக்கமான நிலைக்குத் திரும்பினார். 30ஐத் தாண்டிவிட்டதால் கடன் வரம்பும் 6,500 ஆகும்.

பட்டத்துக்கு இன்னும் 78 கிரெடிட். செமஸ்டருக்கு 13 என்றால் ஆறு செமஸ்டர். எடுத்த கணக்கு 136இல் முடியும், 180க்கு 44 குறைவு. பெல் கிராண்டுக்கு வாழ்நாள் வரம்பு 600 சதவீதம், அதாவது பன்னிரண்டு முழு செமஸ்டர். நான்கு போய்விட்டது, ஆறு தேவை, இரண்டு மிச்சம்.